கிரே கோஸ்ட் ஸ்ட்ரீமர்: இறக்கை சுழல்கிறது, உடல் கறுக்கிறது, தலை பருக்கிறது. எங்கே சரிசெய்வது?

பனிக்கரை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். மெய்ன் மாநிலத்து ஏரிகளில் பனி உடைந்த கையோடு ப்ரூக் ட்ரவுட்டுக்கும் லேண்ட்லாக்டு சால்மனுக்கும் போடுவதற்காக கிரே கோஸ்ட் கட்டுகிறேன். சின்ன மீன் மாதிரி தெரிய இறகும் முடியும் முள்ளில் வைத்துக் கட்டும் தூண்டில் ஃப்ளை இது, ஸ்ட்ரீமர் வகை. தூண்டில் முள் டைச்சி நிறுவனத்தின் 2340, எண் 4. நூல் கறுப்பு 6/0. ஆரஞ்சு ஃப்ளாஸ் (உடலுக்குச் சுற்றும் பட்டு மாதிரியான இழை), தட்டையான வெள்ளி ஜரிகை, வெள்ளை பக்டெயில் (மான் வால் முடி), மயில் பீலி, கோல்டன் பெசன்ட் கொண்டை இறகு, சாம்பல் ஹேக்கிள் (இறக்கைக்கான சேவல் இறகு), சில்வர் பெசன்ட், ஜங்கிள் காக் எல்லாம் இருக்கிறது. வைஸில் (முள்ளைப் பிடித்துவைக்கும் இடுக்கியில்) இருக்கும்வரை பார்க்க ஓரளவு சரியாகவே தெரிகிறது. சிக்கல்கள் இவை:

இறக்கையை இறுக்கும் கடைசிச் சுற்றில் என் பக்கத்து ஹேக்கிள் மேலேறி முதுகில் உட்கார்ந்துகொள்கிறது. எதிர்ப்பக்கத்தது கீழே சரிகிறது. ஆரஞ்சு உடல் தண்ணீர் பட்டதும் அழுக்குப் பழுப்பாக மாறுகிறது. வால் பக்கம் ஜரிகை கட்டிய இடத்தில் ஒரு புடைப்பு. தலை மிளகு உருண்டையாகப் பருத்து நிற்கிறது. வீசும்போது இறக்கை போய் முள்ளின் வளைவில் சுற்றிக்கொள்கிறது.

எதை எந்த வரிசையில் மாற்ற வேண்டும்? இன்னொன்று, ஜங்கிள் காக் விலை கையைக் கடிக்கிறது. அது இல்லாமல் கட்டினால் மீன் எடுக்காதா?


நூற்கண்டு எழுதியது:

பனிக்கரை, இறக்கை சுழல்வதும் தலை பருப்பதும் வளைவில் சுற்றுவதும் ஒரே இடத்தில் தொடங்குகின்றன. முதுகின் மேல் இறக்கை வைக்கும் மற்ற ஸ்ட்ரீமர்களைப் போலவே இதையும் கட்டுகிறீர்கள் என்று தோன்றுகிறது. இந்த ஃப்ளையை உருவாக்கிய கேரி ஸ்டீவன்ஸ் கட்டிய முறையில் இறக்கை முதுகில் உட்காராது. முள்ளின் இரண்டு விலாவையும் அணைத்தபடி, உடலின் மேல்பாதியை மூடி நிற்கும். ரேஞ்ச்லி முறை என்று இன்றைக்குச் சொல்வது இதைத்தான். அந்த அம்மையார் ரேஞ்ச்லி ஏரிப் பகுதியில், மூஸ்லுக்மகன்டிக் ஏரிக்கும் ரிச்சர்ட்சன் ஏரிக்கும் நடுவிலுள்ள அப்பர் டேமில் இருந்தவர். 1924 ஜூலை 1 அன்று தாமே கட்டிய ஸ்ட்ரீமரில் 6 பவுண்டு 13 அவுன்ஸ் ப்ரூக் ட்ரவுட் பிடித்தார். ஃபீல்டு அண்ட் ஸ்ட்ரீம் இதழின் போட்டியில் அதற்கு இரண்டாம் பரிசு வந்த பிறகுதான் அவருடைய ஃப்ளைகளுக்கு ஆர்டர் குவிந்தது. வைஸ் இல்லாமல் கையிலேயே பிடித்துக் கட்டியவர். கையில் பிடித்துக் கட்டுகிறவருக்கு நான்கு ஹேக்கிளையும் இரண்டு தோளையும் (சில்வர் பெசன்ட்) இரண்டு கன்னத்தையும் (ஜங்கிள் காக்) தனித்தனியாக நூலடியில் நிறுத்த முடியுமா? அதனால் ஒரு பக்கத்துக்கு உரியதையெல்லாம் முன்னாலேயே பசையால் ஒன்றாக ஒட்டி, ஒரே துண்டாக வைத்துக் கட்டினார். உங்கள் இறக்கைச் சிக்கலுக்கும் மருந்து அதுதான். அதைச் செவ்வரி விளக்குவார், அவர் கை அதில் சுத்தம். நான் உடலோடு நிறுத்திக்கொள்கிறேன்.

முதலில் கறுப்பு நூலைக் கழற்றுங்கள். ஃப்ளாஸ் நனைந்தால் கண்ணாடித்தன்மை வந்து அடியில் இருப்பதைக் காட்டும். அடியில் கறுப்பு நூலோ பழுப்பு வெண்கல முள்ளோ இருந்தால் ஆரஞ்சு அழுக்காகத்தான் தெரியும். உடல் முழுக்க வெள்ளை நூலில் கட்டுங்கள், 8/0 அல்லது 70 டெனியர் போதும். முள் தெரியாதபடி நெருக்கமாக ஒரு அடுக்கு. கறுப்பு நூல் தலைக்கு வரும்போதுதான். கட்டி முடித்த பிறகு தண்ணீரில் தோய்த்துப் பாருங்கள், வித்தியாசம் கண்ணுக்கு நேராகத் தெரியும். சிலர் நிறத்தைக் காப்பாற்ற ஃப்ளாஸ் மேலேயே வார்னிஷ் பூசுவார்கள். வார்னிஷும் ஃப்ளாஸை நனைக்கத்தான் செய்கிறது. கறுப்பு அடித்தளத்தின் மேல் பூசினால் அந்த அழுக்கு நிறம் நிரந்தரமாகிவிடும்.

அடுத்து ஜரிகைப் புடைப்பு. ஜரிகையை வால் பக்கத்தில் சின்னத் துண்டாகக் கட்டி நறுக்கினால் அந்த இடத்தில் ஒரு படி விழும், மேலே எதைச் சுற்றினாலும் அது தெரியும். ஜரிகையின் முனையைச் சாய்வாக வெட்டி, முள்ளின் காதிலிருந்து (லைன் கோக்கும் துளை) 5 அல்லது 6 மி.மீ. பின்னால் தண்டின் அடிப்பக்கத்தில் வையுங்கள். அங்கிருந்து வால்வரைக்கும் தண்டோடு ஒட்டியபடியே நூலால் கட்டிக்கொண்டு போங்கள். முழு நீளத்துக்கும் ஒரே கனம், படி என்று ஒன்று எங்கேயும் வராது. நூல் முள்ளின் பார்புக்கு (முனைக்குப் பக்கத்தில் உள்ள எதிர்முள்) நேர்மேலே வந்ததும் நிறுத்துங்கள். ஜரிகையைப் பின்னோக்கி மூன்று சுற்று, அதன் மேலேயே திரும்பி முன்னோக்கி மூன்று சுற்று சுற்றினால் வால் பட்டை தயார். இரண்டு சுற்று நூலால் பிடித்துவிட்டு, மிச்ச ஜரிகையை வெட்டாமல் பின்னால் தொங்கவிடுங்கள். பிறகு உடலின் மேல் இடைவெளி விட்டுச் சுற்றும் விலா வரிகளுக்கும் அதே துண்டுதான். 4ஆம் எண்ணுக்கு 12 அல்லது 14ஆம் நம்பர் ஜரிகை போதும். ஜரிகை எண் கூடக்கூட அகலம் குறையும் என்பதை மறக்க வேண்டாம். மைலார் ஜரிகையில் ஒரு பக்கம் தங்கம், ஒரு பக்கம் வெள்ளி. சுற்றும்போது எது வெளியே வருகிறது என்று முதல் சுற்றிலேயே பார்த்துவிடுங்கள். உலோக ஜரிகை அழகு, ஆனால் நாளடைவில் கறுக்கும். மைலார் கறுக்காது, பல் பட்டால் அறுபடும்.

நூலை மறுபடி முன்பக்கம் கொண்டுவந்து ஃப்ளாஸை அங்கே கட்டுங்கள். கடையில் வருவது நாலு புரியாக இருந்தால் ஒரே புரியை மட்டும் பிரித்து 30 செ.மீ. எடுத்தால் போதும். முன்னிருந்து வால் பட்டைவரை போய், அங்கிருந்து திரும்பி முன்னால் வர வேண்டும். இரண்டு அடுக்கு. வாலில் முடிச்சே கிடையாது, எல்லா நுனியும் முன்னால் தலைக்கு அடியில் மறைந்துவிடும். ஒவ்வொரு சுற்றுக்கும் ஃப்ளாஸ் முறுக்கேறும். நான்கைந்து சுற்றுக்கு ஒருமுறை கையை விட்டு முறுக்கை அவிழ்த்துவிடுங்கள், நாடா மாதிரி தட்டையாகக் கிடக்க வேண்டும். விரல் நுனி சொரசொரப்பாக இருந்தால் இழை இழையாகப் பிய்ந்து வரும். நகத்தோரத்தைத் தேய்த்து மழுங்கவைத்துவிட்டு உட்காருங்கள். சுற்றி முடித்ததும் ஏதாவது வழவழப்பான உலோகத் தண்டால், பாபின் (நூல்கண்டைப் பிடிக்கும் கருவி) குழாயின் பக்கவாட்டே போதும், உடலை மேலும் கீழும் நீவிவிட்டால் சுற்றின் கோடுகள் மறையும்.

விலா வரி ஆறு அல்லது ஏழு சுற்று. இடைவெளி ஜரிகையின் அகலத்தைப் போல் இரண்டு மடங்கு இருந்தால் கண்ணுக்கு நன்றாக இருக்கும்.


செவ்வரி எழுதியது:

நூற்கண்டு அண்ணன் சொன்னதில் உடல் முடிந்தது. இறக்கைக்கு வருகிறேன். இதைக் கட்டும்போது செய்கிற வேலை என்று நினைக்காதீர்கள். பாதி வேலை மேஜையில், இறகு பொறுக்கும்போதே முடிந்துவிடும்.

நான்கு ஹேக்கிள் வேண்டும். சாதாரண சாம்பல் எடுபடாது, லேசாகப் பச்சை சாய்ந்த சாம்பல். உங்களிடம் இருப்பது சேடில் ஹேக்கிள் (சேவலின் பின்முதுகு இறகு) என்றால் ஈர்க்கு எவ்வளவு மெல்லியது என்று பாருங்கள். உலர் ஃப்ளைக்காக (தண்ணீர்மேல் மிதக்கும் ஃப்ளை) வளர்த்த இன்றைய சேடில்கள் ஒடிசலாக நீண்டு, தண்ணீரில் நூலாகச் சுருங்கிவிடும். மீன் உருவம் வராது. கொஞ்சம் அகலமான, நடுவில் வலைப்பின்னல் உள்ள இறகு வேண்டும். ஸ்ட்ரீமருக்கென்று விற்கும் கழுத்துத் தோலில் அது கிடைக்கும்.

இறகுக்கு இடவளைவு, வலவளைவு உண்டு. கழுத்துத் தோலின் இடப்பக்கத்திலிருந்து இரண்டு, வலப்பக்கத்திலிருந்து இரண்டு எடுங்கள். ஒன்றின் மேல் ஒன்று வைத்து நுனியைச் சமப்படுத்திப் பாருங்கள். அகலமும் வளைவும் ஒத்துப்போகாத ஜோடியை எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். ஒரு பக்கம் வளைவு கூடினால் இழுக்கும்போது ஃப்ளை சுழலும், ஃப்ளையைக் கட்டும் மெல்லிய லைனான லீடர் முழுக்க முறுக்கேறும்.

நீளம் முக்கியம். உங்கள் ஃப்ளை வளைவில் சுற்றிக்கொள்வதற்கு நீளமும் ஒரு காரணம். இறக்கையின் நுனி முள் வளைவின் பின்விளிம்பைத் தாண்டி, முள்ளின் வாய் அகலம் (தண்டுக்கும் முனைக்கும் நடுவிலுள்ள இடைவெளி) அளவுக்கு மட்டும் நீட்டியிருக்கட்டும். அதைவிட நீட்டுவது படகுக்குப் பின்னால் இழுக்கும் ஃப்ளைக்குச் சரி. வீசுகிற ஃப்ளைக்குச் சரிப்படாது.

இப்போது ஒட்டுவது. ஹேக்கிளின் அடியில் உள்ள பஞ்சை உருவிவிடுங்கள். ஈர்க்கின் கடைசி 4 மி.மீ. பகுதியில் உள்ள இழைகளை மட்டும் உருவாமல், கத்தரிக்கோலால் கட்டையாக வெட்டி விடுங்கள். அந்தக் குட்டைப் பிசிறு நூலுக்குப் பிடிமானம். வழுவழுவென்று உருவிய உருண்டை ஈர்க்கு, உருண்டையான தண்டின் மேல் உருளத்தான் செய்யும். பிறகு பல் இல்லாத இடுக்கியால் அந்த முனையை லேசாக அழுத்தித் தட்டையாக்குங்கள். ஈர்க்கு வெடிக்கக் கூடாது, நசுங்கினால் போதும்.

மெழுகுத் தாளில் முதல் ஹேக்கிளைக் குழிந்த பக்கம் கீழே இருக்கும்படி வையுங்கள். ஈர்க்கின் அடியிலிருந்து ஒரு செ.மீ. நீளத்துக்குக் குண்டூசியால் மெல்லிய கோடாகப் பசை. அதன் மேல் இரண்டாவது ஹேக்கிள், அதுவும் அதே திசை. அதன் மேல் இன்னொரு பொட்டுப் பசை வைத்து சில்வர் பெசன்ட் இறகு. அதுதான் தோள், இறக்கை நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு, நல்ல அகலமாக. வெள்ளையில் கறுப்பு வரி தெளிவாக ஓடும் இறகாகப் பொறுக்குங்கள். தோளின் மேல் ஜங்கிள் காக். பசை எந்தக் காரணத்தாலும் தோள் மூடும் எல்லையைத் தாண்டக் கூடாது. தாண்டினால் இறக்கையின் நடுவில் ஒரு விறைப்பு வந்து, தண்ணீரில் அசைவு செத்துவிடும். பசைக்கு நீர்த்த வார்னிஷ் வேண்டாம், அது இழை வழியே ஊறி ஓடிவிடும். மூடியைச் சற்று நேரம் திறந்துவைத்துக் கெட்டியாக்கிய வார்னிஷ், அல்லது காய்ந்தபின் வளைந்துகொடுக்கும் ஃப்ளெக்ஸிபிள் சிமென்ட். சூப்பர் க்ளூ வேண்டவே வேண்டாம், ஈர்க்கு கண்ணாடியாகி முதல் மீனிலேயே ஒடியும்.

எதிர்ப்பக்கத்துக்கு இதையே கண்ணாடிப் பிம்பமாகச் செய்ய வேண்டும். இரண்டும் ஒரே பக்கமாக அமைந்துவிடாமல் இருக்க, ஜோடியை எதிரெதிரே வைத்து ஒரே நேரத்தில் ஒட்டிக்கொண்டு போங்கள். ஒரு இரவு காயட்டும்.

கட்டும்போது நடப்பதைப் பாருங்கள். வலது கைக்காரர் நூலை மேலே கொண்டுபோய் எதிர்ப்பக்கமாக இறக்குகிறார். நம் பக்கத்தில் நூல் மேல்நோக்கிப் போகிறது, எதிர்ப்பக்கத்தில் கீழ்நோக்கிப் போகிறது. அதனால் நம் பக்கத்து இறக்கை ஏறும், எதிர்ப்பக்கத்தது இறங்கும். நீங்கள் எழுதியது அப்படியே இதுதான். எனவே நம் பக்கத்து இறக்கையை வேண்டிய இடத்துக்கு ஒரு நூல் கனம் கீழே வையுங்கள், எதிர்ப்பக்கத்ததை ஒரு நூல் கனம் மேலே. முதல் இரண்டு சுற்று தளர்வாக. விரலால் இறக்கையை விலாவோடு அமுக்கிப் பிடித்துக்கொண்டே இறுக்குங்கள், விரலை விடுவது மூன்றாவது இறுக்கத்துக்குப் பிறகுதான். ஒரு பக்கத்தை முடித்துவிட்டு மறுபக்கம். நான்கு ஹேக்கிளையும் சேர்த்துப் பிடித்து ஒரே வீச்சில் கட்டுவது இந்த ஃப்ளைக்கு உதவாது.


மலைக்கோழி எழுதியது:

ஜங்கிள் காக் கேள்விக்கு மட்டும் பதில்.

அது நம்ம ஊர்ப் பறவை. மேற்குத் தொடர்ச்சி மலையில் விடியற்காலையில் கூவுகிற சாம்பல் காட்டுக்கோழியின் சேவல்தான். கழுத்து இறகின் நுனியில் மெழுகு பூசினாற்போல் ஒரு வெளிர்மஞ்சள் பொட்டு இருக்கிறதே, அதற்காகத்தான் ஃப்ளை கட்டுகிறவர்கள் உலகம் முழுக்க இதைத் தேடுகிறார்கள். ஆனால் இந்தியாவில் அது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிற பறவை. காட்டிலிருந்து பிடிப்பதும் அதன் தோலை விற்பதும் குற்றம். ஊரிலிருந்து யாராவது கொண்டுவந்து தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வெளிநாட்டுக் கடைகளில் முறையாகக் கிடைப்பது பண்ணையில் வளர்த்த பறவையின் தோல். விலை அதிகமாக இருப்பதற்கு அதுவும் காரணம். எங்கிருந்து வந்தது என்று சொல்லத் தெரியாத கடையில் வாங்க வேண்டாம்.

மீன் எடுக்குமா என்றால், எடுக்கும். கன்னத்தின் வேலை மீனுக்குக் கண் இருப்பதுபோல் காட்டுவது. அது இல்லாமலும் இறக்கையும் தோளும் சேர்ந்து ட்ரவுட் இரையாகத் தின்னும் ஸ்மெல்ட் என்கிற சின்ன மீனின் உருவத்தைக் கொடுத்துவிடும். தண்ணீரில் தொலைக்கப்போகிற ஃப்ளைக்குக் கினிக்கோழியின் புள்ளி இறகில் பொருத்தமான ஒரு புள்ளியைப் பார்த்து வெட்டி, வார்னிஷில் நனைத்து உருவி மெலிதாக்கி ஒட்டுங்கள். அச்சடித்த செயற்கைக் கன்னங்களும் கிடைக்கின்றன. ஆனால் அவை தட்டையாக விறைத்து நிற்பதால் தோளோடு ஒட்டாமல் விலகும். கினிக்கோழியே மேல் என்பது என் கருத்து.

அசல் இறகையே போடுவதென்றால் தோலைச் சிக்கனமாகப் பயன்படுத்த வழி இருக்கிறது. பொட்டு பிளந்த இறகுகளை ஒதுக்க வேண்டாம். பிளவின் பின்பக்கத்தில் ஒரு சொட்டு வார்னிஷைத் தொட்டு, விரல் நுனியால் அடியிலிருந்து நுனி நோக்கி ஒருமுறை உருவுங்கள். பிளவு மூடிக்கொள்ளும். காய்ந்தபின் அது முழு இறகைவிட உறுதி. தோலின் மேல்பகுதியில், தலைக்குப் பக்கத்தில் சின்னப் பொட்டுகள், கீழே போகப்போகப் பெரியவை. 4ஆம் எண்ணுக்கு நடுப்பகுதி. தோளின் பாதி நீளத்தை மிஞ்சாத பொட்டாக எடுத்தால் அளவு சரியாக அமையும். பெரிய பொட்டைச் சின்ன முள்ளில் வைத்தால் கண் மட்டும்தான் தெரியும், மீன் தெரியாது.


பனிக்கரை எழுதியது:

ரொம்ப நன்றி. இத்தனை நாளும் இறக்கையை முதுகில்தான் வைத்துக்கொண்டிருந்திருக்கிறேன் என்பது இப்போதுதான் புரிகிறது. நூல் போகிற திசை பற்றி செவ்வரி சொன்னது கண்ணைத் திறந்தது. இரண்டு கேள்வி மிச்சம். கொண்டை இறகு எப்படி வைத்தாலும் பக்கவாட்டில் திரும்பிக்கொள்கிறது, அதை எப்படி நிறுத்துவது? அடிப்பக்கம் பக்டெயில், பீலி, கொண்டை மூன்றும், மேலே ஒரு கொண்டை, இரண்டு இறக்கை என்று எல்லாம் ஒரே இடத்தில் வந்து முடிகிறது. தலை எப்படித்தான் சிறுக்கும்?


நூற்கண்டு எழுதியது:

கொண்டை இறகின் ஈர்க்கு வட்டமாக இருக்காது, ஒருபக்கம் தட்டை. வாங்கும்போது தோலில் அழுந்திக் கிடந்து கோணலாகவும் இருக்கும். முதலில் கோணலை எடுங்கள். வெந்நீரில் நனைத்து, நீங்கள் வேண்டுகிற வளைவு உள்ள ஒரு கண்ணாடி டம்ளரின் வெளிப்பக்கத்தில் ஒட்டிவைத்துக் காயவிடுங்கள். காய்ந்ததும் அந்த வளைவிலேயே நிற்கும். கட்டுகிற இடத்தில் இழைகளை உருவிவிட்டு, ஈர்க்கைக் கட்டைவிரல் நகத்தால் அழுத்தித் தட்டையாக்குங்கள். நகத்தை எந்தக் கோணத்தில் அழுத்துகிறீர்களோ அந்தக் கோணத்தில்தான் இறகு உட்காரும். பக்கவாட்டில் திரும்பினால் நூலை அவிழ்த்து மறுபடி அழுத்துங்கள். திரும்பிய இறகை நூலை இறுக்கி நேராக்க முயன்றால் இன்னும் திரும்பும்.

வரிசை சொல்கிறேன். முள்ளைத் தலைகீழாகத் திருப்பி வைஸில் மாட்டுங்கள். முதலில் மயில் பீலி, நான்கைந்து இழை, நுனி பார்பைத் தாண்டிப் போகட்டும். அதன் மேல், அதாவது ஃப்ளை நேராக இருக்கும்போது அதற்குக் கீழே, வெள்ளை பக்டெயில். பெரும்பாலானோர் இதில்தான் அளவு மீறுகிறார்கள். பதினைந்து முடிக்கு மேல் வேண்டாம். வால் தோலின் அடிப்பகுதி முடி உள்ளே காற்றுள்ளது, நூல் இறுகினால் விரிந்து நிற்கும். மேல்பாதியிலிருந்து, நுனிப்பக்கத்து முடியை எடுங்கள். அது விரியாது. வெட்டிய முடியைச் சீப்பால் வாரி அடிப்பஞ்சை எடுத்துவிட வேண்டும், அந்தப் பஞ்சுதான் தலையைப் பருக்கவைக்கும் முதல் எதிரி. பக்டெயிலுக்கு அடுத்து கொண்டை இறகு, தோள் நீளத்துக்கு, மேல்நோக்கி வளையும்படி. பிறகு முள்ளை நேராக்கி, இறக்கை நீளத்துக்கு இன்னொரு கொண்டை, இது கீழ்நோக்கி வளையும்படி தண்டின் முதுகில். அதை அணைத்தபடி இரண்டு விலாவிலும் இறக்கைகள்.

தலை சிறுக்க வேண்டுமானால் எதையும் எதன் நுனியோடும் ஒரே இடத்தில் வெட்டாதீர்கள். பக்டெயிலின் அடியைச் சாய்வாக வெட்டுங்கள். பீலியை அதைவிட ஒரு மி.மீ. பின்னால். கொண்டையின் ஈர்க்கு காதுக்கு அருகில்வரை போகட்டும், மெல்லியதுதானே. இறக்கையின் ஈர்க்குகள் நடுவில் நிற்கட்டும். இப்படிச் செய்தால் தலை தானாகவே காதை நோக்கிச் சரிந்து, ஒடுங்கிய நீளத் தலையாக வரும். ரேஞ்ச்லி முறைக்கு அந்த நீளம்தான் அடையாளம். உருண்டைத் தலை அதற்குப் பொருந்தாது. 5 மி.மீ. இடம் விடச் சொன்னது இதற்காகத்தான். உடலைக் காதுவரை சுற்றிக்கொண்டு போய்விட்டால் இத்தனையும் 2 மி.மீ. இடத்தில் ஏற வேண்டியிருக்கும், பருக்காமல் என்ன செய்யும்?

நூல் முறுக்கேறியிருந்தால் கயிறாக உட்காரும், அவிழ்ந்திருந்தால் நாடாவாக உட்காரும். நாம் சுற்றச்சுற்ற முறுக்கு ஏறும். ஒவ்வொரு பொருளுக்கும் முன்னால் பாபினைத் தொங்கவிட்டு, மேலிருந்து பார்க்க இடஞ்சுழியாக ஒரு சுழற்று சுழற்றினால் தட்டையாகிவிடும். இந்த ஒன்றிலேயே தலையின் கனம் கண்கூடாகக் குறையும்.


செவ்வரி எழுதியது:

அண்ணன் சொன்ன வரிசையில் ஒன்றைச் சேர்க்கிறேன். பீலியும் பக்டெயிலும் கட்டிய கையோடு அங்கே ஒரு சொட்டு நீர்த்த வார்னிஷ் விட்டு, அது பிசுபிசுப்பாக இருக்கும்போதே இறக்கையை வைப்பது நல்லது. ஈர்க்கு உருளாமல் பிடித்துக்கொள்ளும். காயவிட்டு வைத்தால் வழுவழுத் தரையில் வைத்த மாதிரி மறுபடி நழுவும்.


நூற்கண்டு எழுதியது:

ஒத்துக்கொள்கிறேன், ஆனால் சொட்டு சின்னதாக இருக்கட்டும். பின்னோக்கி ஃப்ளாஸுக்குள் ஊறினால் கழுத்துப் பக்கம் உடல் கறுத்துத் தெரியும். குண்டூசி நுனியில் எடுத்துத் தொட்டால் போதும்.

தலைக்குக் கறுப்பு நூல் மாற்றும்போது வெள்ளை முழுக்க மறைய வேண்டும். ஸ்டீவன்ஸ் தம் ஃப்ளைகளின் கறுப்புத் தலையில் ஆரஞ்சு நூலால் ஒரு பட்டை போடுவார், அது அவருடைய கையெழுத்து. நாம் போடுவதும் போடாததும் நம் விருப்பம். போடுவதானால் கறுப்பை விப் ஃபினிஷ் (நூலை முடிக்கும் முடிச்சு) செய்து வெட்டிவிட்டு, ஆரஞ்சு நூலில் நான்கு சுற்று மட்டும் தலையின் நடுவில் சுற்றி முடியுங்கள். வார்னிஷ் மூன்று மெல்லிய பூச்சு, ஒவ்வொன்றும் முழுக்கக் காய்ந்த பிறகு. முதல் பூச்சு நூலுக்குள் இறங்கப் போதிய அளவு நீர்த்திருக்கட்டும், மேல்பூச்சு இரண்டும் கெட்டியாக. ஒவ்வொரு பூச்சுக்கும் பிறகு காதுக்குள் ஒரு இறகின் ஈர்க்கை விட்டு எடுத்துவிடுங்கள். காய்ந்த வார்னிஷைக் கரையில் நின்றுகொண்டு குத்தி எடுப்பது பெரும்பாடு.


மலைக்கோழி எழுதியது:

வளைவில் சுற்றுவதற்கு நீளத்தைச் செவ்வரி சொல்லிவிட்டார். இன்னொரு காரணம் பக்டெயில். இறக்கைக்கு அடியில் முட்டுக்கொடுக்க ஏதாவது இருந்தால்தான் அது வளைவுக்குள் மடங்காமல் நிற்கும். பக்டெயிலும் மேல் கொண்டையும் அந்த முட்டு. பதினைந்து முடிக்கு மேல் வேண்டாம் என்றார்களே என்று ஐந்தாறு முடியோடு நிறுத்தினாலும் தொந்தரவுதான். வீசும்போது பின்வீச்சு முழுக்க நீண்டு முடியுமுன் முன்னால் தள்ளினாலும் இறக்கை மடங்கும், அதற்கு ஃப்ளை பொறுப்பில்லை.

தண்ணீருக்குக் கொண்டுபோவதற்கு முன்னால் வாளியில் சோதியுங்கள். ஒரு அடி மோனோவில் (நைலான் லைன்) கட்டி மெதுவாக இழுத்தால் முள்ளின் வாய் கீழேயும் இறக்கை செங்குத்தாகவும் நிற்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் எந்த இறக்கை உயரத்தில் தவறியிருக்கிறது என்று முன்னாலிருந்து காதுக்கு நேரே பார்த்தால் தெரியும். முடிச்சு இறுகிப் பிடிக்காத லூப் முடிச்சாக இருக்கட்டும், ஃப்ளை தன்பாட்டுக்கு அசையும்.

பனி உடைந்ததும் ஸ்மெல்ட் கூட்டம் முட்டையிட ஓடைவாய்களுக்கு ஏறும். சால்மனும் ட்ரவுட்டும் அதன் பின்னாலேயே வரும். அந்த நேரத்துக்கு ஏரியில் கிடைக்கிற ஸ்மெல்டின் அளவைப் பார்த்து முள்ளைத் தேர்ந்தெடுங்கள். 4ஆம் எண் பெரிதாகத் தெரிந்தால் 6க்கு இறங்குங்கள், எண் கூடினால் முள் சின்னது. 6க்கு இறங்கும்போது ஜரிகையும் ஒரு எண் மெலிதாகட்டும், பக்டெயில் பத்து முடியாகக் குறையட்டும். ஓடைவாயில் நின்று வீசுவதற்கு 6 எக்ஸ் லாங் (தண்டு நீளத்தைக் குறிக்கும் அளவு, எண் கூடினால் தண்டு நீளம்) சரியான நீளம். படகில் இழுப்பதற்கு மட்டும் 8 அல்லது 10 எக்ஸ் லாங்குக்குப் போகலாம். அப்போது இறக்கையின் நீளத்தையும் தோளின் நீளத்தையும் புது முள்ளுக்கு மறுபடி அளந்து பொறுக்குங்கள், பழைய ஜோடியை அதில் வைத்தால் தோள் குட்டையாகி மீனின் தலை தெரியாது.